மருந்துக்கடையில் மருந்து மாறாமல் வாங்குவது எப்படி: சீட்டு வாங்குவது முதல் முதல் வேளை போடுவது வரை

ஜிப்மரிலோ, புதுச்சேரி இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவரைப் பார்த்துவிட்டு, சீட்டோடு மருந்துக்கடைக்கு வருபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். மகனோ மருமகளோ, உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரோதான் வருகிறார். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது. கவுன்ட்டரின் உட்புறம் நின்று மருந்து எடுத்துக் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு: வாங்குபவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்துக் காலாவதித் தேதியைப் பார்க்கிறார்கள், பிறகு மாத்திரைகளை எண்ணிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்த மூன்றும் சரியாக இருந்து மருந்தே வேறாக இருக்க முடியும். ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசை முக்கியமானது: பெயர், அளவு, வடிவம், வேளை, அதற்குப் பிறகே காலாவதித் தேதி.

முன்கூட்டியே தேவைப்படுபவை

மருத்துவர் எழுதிய சீட்டு முழுமையாக இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் மட்டும் போதாது. படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு ‘வாரம் ஒருமுறை’ என்ற குறிப்போ, தசமப் புள்ளியோ காணாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. வீட்டில் ஏற்கெனவே போட்டுவரும் எல்லா மருந்துகளின் காலி அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். நோயாளியின் வயது, குழந்தையானால் உடல் எடை, எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டா என்ற விவரம், ஒரு பேனா, படிக்கக் கண்ணாடி தேவைப்படுபவருக்குக் கண்ணாடி ஆகியவையும் உடனிருக்க வேண்டும். மாத்திரை அட்டையின் பின்புறம் அச்சாகும் எழுத்து அவ்வளவு சிறியது.

1. மருத்துவர் அறையிலிருந்து எழுவதற்கு முன் சீட்டைப் படித்துக் கேளுங்கள்

மருந்தின் ஜெனரிக் பெயரை (கம்பெனி வைத்த பெயரை அல்ல, மூல மருந்தின் பெயரை) தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான ஒழுக்க விதிகள் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கூறுகின்றன. நடைமுறையில் இன்னமும் கிறுக்கல் சீட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கிறுக்கலைக் கடையில் இருப்பவர் ஊகித்துப் படிக்கிறார். தவறுகளில் பெரும்பகுதி அந்த ஊகத்தில்தான் பிறக்கிறது.

எனவே ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எதற்காக, எத்தனை நாளுக்கு? ‘இது பிரஷருக்கு’, ‘இது வலிப்புக்கு’ என்று கேட்டு, சீட்டின் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இருந்தால், கடையில் தைராய்டு நோயாளிக்கு வலிப்பு மருந்தை எடுத்து வைத்தாலும் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். மருந்தாளுநருக்கும் அது உதவி. எனக்கு மிகவும் பிடித்த சீட்டுகள் இப்படிக் குறிப்பெழுதியவைதாம்.

2. பழைய மருந்துகளோடு ஒப்பிட்டு, இரட்டிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

கடலூர் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தப் படி மிகவும் தேவை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதே நோயாளி நெஞ்சு வலிக்காக ஜிப்மருக்குப் போகிறார். அங்கே எழுதிய சீட்டைக் கொண்டு வெளியில் மாத்திரை வாங்குகிறார். அரசு அட்டையில் மெட்ஃபார்மின் என்று ஜெனரிக் பெயர் இருக்கும். கடை அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமல், இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள்.

இரண்டு சுகர் மாத்திரை சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இரண்டு பிரஷர் மாத்திரை சேர்ந்தால் முதியவர் இரவில் கழிப்பறைக்கு எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். மருந்தைக் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றாது. ‘வழுக்கி விழுந்துவிட்டார்’ என்றுதான் சொல்வார்கள்.

காலி அட்டைகளைக் கவுன்ட்டரில் பரப்பி, “இவற்றில் எதையாவது இந்தச் சீட்டில் மறுபடி எழுதியிருக்கிறார்களா?” என்று கேளுங்கள். வலி மாத்திரைகளையும் இதில் சேருங்கள். இதய வால்வு நோய்க்காக அசிட்ரோம் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை போடுபவர், மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் குடலில் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

3. கவுன்ட்டரில் முதலில் பெயரை ஒப்பிடுங்கள்

பல மருந்துக்கடைகளில் மருந்துகள் ஆங்கில அகர வரிசையில் அடுக்கப்படுகின்றன. அதனால் ஒரே மாதிரி தொடங்கும் பெயர்கள் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஓ.பி. முடிந்து கூட்டம் ஒரேயடியாக வந்து மோதும் நண்பகல் வேளையில், கை பழக்கத்தில் பக்கத்து அட்டையை எடுப்பது எளிது.

குழப்பம் தரும் இணைகள் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கார்பிமசோல் தைராய்டு அதிகமாகச் சுரப்பதைக் குறைப்பது, கார்பமசெபின் வலிப்புக்கானது. மாறிப்போனால் நோயாளிக்குத் தூக்கமும் தள்ளாட்டமும் வரும், சிலருக்குத் தோலில் தடிப்பு வரும், தைராய்டோ கட்டுப்படாமல் படபடப்பு தொடரும். மெட்ஃபார்மின் சுகருக்கு, மெட்ரோனிடசோல் வயிற்றுக் கிருமிகளுக்கு. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு. ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட் எனும் வைட்டமின். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட், உயிருக்கே ஆபத்தாகக்கூடிய வீரியமுள்ள மருந்து. இந்தக் கடைசி இணையைப் பற்றி ஆறாவது படியில் மீண்டும் பேசுவேன்.

ஒப்பிடும் முறை இதுதான்: சீட்டை இடது கையிலும் அட்டையை வலது கையிலும் வைத்துக்கொண்டு, அட்டையில் கம்பெனிப் பெயரோடு அச்சாகியிருக்கும் ஜெனரிக் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். முதல் மூன்று எழுத்துகளோடு நிறுத்திவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. பெயர்கள் பெரும்பாலும் நடுவிலும் முடிவிலும்தான் வேறுபடுகின்றன. ஆங்கிலம் படிக்க வராதவர், “இது எந்த நோய்க்கு?” என்று கடைக்காரரைக் கேட்டு, சீட்டின் ஓரத்தில் முதல் படியில் குறித்த தமிழ்க் குறிப்போடு ஒப்பிடலாம். குறிப்பை முன்பே காட்டிவிடாதீர்கள். காட்டினால் அவர் அதையே திருப்பிச் சொல்வார்.

நோயாளியின் பெயரும் சரிபார்க்கப்பட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு லட்சுமிகள் நின்றால் பைகள் மாறும். பில்லில் வாங்குபவரின் பெயரைச் சொல்லாமல், நோயாளியின் பெயரையும் வயதையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

4. அளவு எண்ணையும் பின்னால் வரும் எழுத்துகளையும் படியுங்கள்

பெயர் சரியாக இருந்தபின் எண்ணுக்கு வாருங்கள். தைராக்சின் மாத்திரை 12.5 மைக்ரோகிராமிலும் கிடைக்கிறது, 125 மைக்ரோகிராமிலும் கிடைக்கிறது. சீட்டில் ஒரு புள்ளி மங்கினால் அளவு 10 மடங்காகிறது. இதய நோய் உள்ள முதியவருக்கு அது படபடப்பையும் நெஞ்சு வலியையும் கொண்டுவரக்கூடும்.

எண்ணுக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். அவை தனி மருந்துகள். டெல்மா 40 என்றால் டெல்மிசார்டான் எனும் பிரஷர் மருந்து மட்டும். டெல்மா ஏஎம் என்றால் அதனுடன் அம்லோடிபின் எனும் இன்னொரு பிரஷர் மருந்து. டெல்மா எச் என்றால் அதனுடன் சிறுநீரைக் கூட்டும் மருந்து. கிளைகோமெட் என்றால் மெட்ஃபார்மின் மட்டும். கிளைகோமெட் ஜிபி என்றால் அதனுடன் கிளிமெபிரைடும் சேர்ந்தது. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்குத் தாழ்த்துவது அரிது, கிளிமெபிரைடு தாழ்த்தும். ஆகையால் ‘ஜிபி’ என்ற இரண்டு எழுத்துகளைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு நள்ளிரவில் வியர்த்து நினைவிழப்பதாக இருக்கலாம்.

எஸ்ஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர் என்ற எழுத்துகள் மருந்து மெல்ல மெல்ல வெளிப்படுவதைக் குறிக்கின்றன. இத்தகைய மாத்திரையைப் பொடித்தால் முழு நாளுக்கான மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும். பாதியாக உடைக்கலாமா என்பதை அந்தந்த மாத்திரைக்குத் தனியாகக் கேளுங்கள்.

5. ‘அது இல்லை, இது அதே மருந்துதான்’ என்று சொன்னால்

இந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்கலாம், பாதி உண்மையாகவும் இருக்கலாம். மருந்துகள் விதிகள், 1945-இல் உள்ள 65-ஆம் விதியின்படி, ஷெட்யூல் எச் மருந்துகளில் (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியவை) சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பை, அதே மூலப்பொருள் கொண்டதாக இருந்தாலும், கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. மருத்துவர் ஜெனரிக் பெயரில் எழுதியிருந்தால் எந்தக் கம்பெனி மாத்திரையும் பொருந்தும். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விலை குறைவாகவும் வாங்கலாம்.

மாற்று தவிர்க்க முடியாதபோது, மருத்துவரையோ அவர் மருத்துவமனையையோ தொலைபேசியில் கேட்டபிறகே வாங்குங்கள். கேட்க முடியவில்லை என்றால், இன்னும் இரண்டு கடை ஏறி இறங்குவதே மேல். வலிப்பு மருந்து, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, தைராக்சின் ஆகியவற்றை எடுத்துப் பழகிய தயாரிப்பிலிருந்து மருத்துவருக்குத் தெரியாமல் மாற்றவே வேண்டாம். இவற்றில் சிறு வேறுபாடும் உடலில் தெரியும்.

6. வேளையையும் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

சீட்டில் ‘ஓடி’ என்றால் நாளைக்கு ஒருமுறை, ‘பிடி’ என்றால் இருமுறை, ‘டிடிஎஸ்’ என்றால் மும்முறை, ‘எச்எஸ்’ என்றால் படுக்கும் முன், ‘எஸ்ஓஎஸ்’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். 1-0-1 என்பது காலை, மதியம், இரவு என்ற வரிசை. எஸ்ஓஎஸ் மருந்தைத் தினமும் போட்டுத் தீர்ப்பவர்கள் மிகுதி.

கணக்கு எளிது: ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை, நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்று பெருக்குங்கள். கையில் கொடுத்த எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகவில்லை என்றால், எங்கோ ஒரு தவறு இருக்கிறது.

இந்தக் கணக்கு உயிர் காக்கும் இடம் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுக்கிறார்கள். அதன் பக்கவிளைவைக் குறைக்க வேறு நாட்களில் ஃபோலிக் ஆசிட் கொடுக்கிறார்கள். இரண்டுமே மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகளாக வருவதுண்டு. நாள்கள் இடம் மாறி மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால், சில நாட்களிலேயே வாயில் புண், காய்ச்சல், ரத்த அணுக்கள் குறைதல் என்று போய் மரணம் வரை செல்லலாம். வாரம் 10 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரையில் 4, நான்கு வாரத்துக்கு 16 மாத்திரை போதும். யாராவது 30 நாளுக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால் வாங்காமல் நிறுத்துங்கள். எந்தக் கிழமை என்பதை அட்டையின் மேலேயே ‘செவ்வாய் மட்டும்’ என்பதுபோல் எழுதச் சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட் அட்டையை வேறு பையில் வையுங்கள்.

7. குழந்தை மருந்தும் இன்சுலினும்: தனிக் கவனம்

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவம் பொதுவாக மூன்று வகையில் வருகிறது. சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. அல்லது 250 மி.கி. ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. என்று மருத்துவர் கொடுத்தால், 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. வேண்டும். அது சொட்டு மருந்தில் 1.5 மி.லி., 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி. ‘6 மி.லி.’ என்று மனப்பாடம் செய்த தாய்க்குக் கடையில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால், குழந்தைக்கு 600 மி.கி., அதாவது நான்கு மடங்கு போய்விடும், வேளைக்கு வேளை இப்படியே கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். பாட்டில் மாறும்போதெல்லாம் மி.லி. அளவை மறுபடி கேளுங்கள். சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு, பாட்டிலோடு வரும் மூடியாலோ குழலாலோ அளந்து கொடுங்கள்.

தூளாக வரும் ஆன்டிபயாடிக் பாட்டிலில், கொதித்து ஆறிய தண்ணீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் வீரியம் குறையும். கலந்த நாளை எழுதி வையுங்கள். பல மருந்துகளுக்கு அதிலிருந்து 7 நாள்தான்.

இன்சுலினில் பாட்டிலுக்கும் ஊசிக்கும் எண் பொருந்த வேண்டும். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட்; பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி என்பது வழக்கம். 100 யூனிட் இன்சுலினை 40-க்கான ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடலில் 50 யூனிட் ஏறும். மாறாக, 40 யூனிட் இன்சுலினை 100-க்கான ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும்; சர்க்கரை ஏன் குறையவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்.

8. பில், வெட்டிய அட்டை, காலாவதித் தேதி

பில் இல்லாமல் நகராதீர்கள். அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். பின்னால் ஏதாவது நடந்தால் எந்தக் கடை, எந்த மருந்து என்பதை நிறுவ வேறு வழி இல்லை.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது தேதியும் பேட்ச் எண்ணும் அச்சான முனை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. அந்த முனை உள்ள பகுதியைக் கேளுங்கள்; கிடைக்காவிட்டால் அட்டையின் மேல் பேனாவால் பெயர், அளவு, தேதி எழுதித் தரச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் காகித உறையில் உதிரியாகக் கொடுத்தாலும் இதையே செய்யுங்கள்.

9. வீட்டில் முதல் வேளைக்கு முன்

வாங்கி வந்தவரைத் தவிர இன்னொருவர் சீட்டையும் அட்டையையும் ஒருமுறை ஒப்பிட வேண்டும். வாங்கியவரின் கண் தான் எதிர்பார்ப்பதையே படிக்கும். நோயாளியும் பார்க்கட்டும், பல மாதங்களாகப் போட்டுவருபவர், “இந்த மாத்திரை இந்த நிறத்தில் இருக்காதே” என்று சொன்னால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். கம்பெனி மாறியிருக்கலாம், மருந்தும் மாறியிருக்கலாம். கடைக்குத் தொலைபேசி செய்து தெரிந்துகொண்ட பிறகே கொடுங்கள்.

காது சொட்டு மருந்தையும் கண் சொட்டு மருந்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். காதுக்கானதைக் கண்ணில் விட்டால் விழி எரிந்து புண்ணாகும்.

10. மாறிய மருந்து உள்ளே போய்விட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுப்பது மூச்சுக்குழாயில் இறங்கிப் புதிய ஆபத்தை உண்டாக்கும். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு, அட்டை, சீட்டு, பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். எய்ம்ஸ் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத எண் 1800 116 117.

சுகர் இல்லாதவருக்குச் சுகர் மாத்திரை போயிருந்தால், நினைவு இருக்கும்வரை சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் தாழ்வு. சர்க்கரை ஏறிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவது பெரிய தவறு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை ஒரு நாளுக்கு மேலும் வேலை செய்து சர்க்கரையை மறுபடி தாழ்த்தும். மருத்துவமனையில் தங்கிக் கண்காணிக்கப்படத்தான் வேண்டும்.

பிரஷர் மருந்து கூடியிருந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கூடியிருந்தால், கறுப்பாக மலம், ஈறில் ரத்தம், திடீர்த் தலைவலி ஆகியவற்றுக்குக் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் தினமும் போடப்பட்டிருந்தால் அன்றே மருத்துவமனை. வீட்டிலுள்ள ஃபோலிக் ஆசிட் மாத்திரை அதற்கு மாற்று ஆகாது, அங்கே ஊசியாகக் கொடுக்கும் ஃபோலினிக் ஆசிட் வேறு.

தவறான மருந்து போன நாட்களில் சரியான மருந்து போகவில்லை என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

11. புகார் எங்கே, எதைக் கொண்டு

கடைக்காரர், “மாற்றித் தருகிறேன், அட்டையையும் பில்லையும் கொடுங்கள்” என்பார். மருந்தை மாற்றிக்கொள்ளலாம், தவறாக வந்த அட்டையையும் பில்லையும் கொடுத்துவிட்டால் உங்களிடம் ஆதாரம் இல்லை. சரியான மருந்தைத் தனியாக வாங்கிக்கொண்டு, தவறானதைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையில் சேர்த்திருந்தால், எந்த மருந்தால் இந்த நிலை என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கடலூரிலிருந்து போகிறவர்கள் இங்கே இடறுகிறார்கள். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. கன்னியக்கோயில் கடை புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு உட்பட்டது, கடலூர் கடை தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு உட்பட்டது. நோயாளி எங்கே வசிக்கிறார் என்பதை வைத்து மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்தால் அது அலைந்துகொண்டிருக்கும்; பில்லில் உள்ள உரிம எண்ணையும் முகவரியையும் வைத்துக் கொடுங்கள்.

நட்டஈடு கேட்பது வேறு வழி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். புதுச்சேரியில் வாங்கிய மருந்துக்காகக் கடலூர் ஆணையத்தை நாடலாம். கால வரம்பு 2 ஆண்டு. ஆலோசனைக்கு 1915. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்த மருந்து மாறியிருந்தால் இந்த வழி பொதுவாகப் பயன்படாது. அங்கே மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்துடன் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தால் ஏற்பட்ட பாதிப்பை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். அதற்கு மருத்துவரின் கையெழுத்து தேவையில்லை.